யாரோடு போகிறாய்?

"சீனாவுக்கோ? யாரோட போறாய்?"

அம்மா கேட்ட முதற் கேள்வி இதுதான். ஏன் போகிறாய், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்பதெல்லாம் பிறகுதான் வந்தன. "தனியத்தான் அம்மா" என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளவு அக்கா கேட்ட கேள்வி வேறு. "எந்த ஏஜென்சியால போறீர் தங்கச்சி?" அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களைத் தவிர, தனியாக வெளிநாடு போன வேறொரு பெண்ணை அவர் கண்டதில்லை. "சுற்றிப் பார்க்கப் போறன் அக்கா" என்றதும் சிரித்தார். நான் பகிடி விடுவதாக நினைத்திருப்பார்.

பகிடி அல்ல. வருகிற சித்திரையில், வருடப்பிறப்பு விடுமுறையோடு சேர்த்து ஒன்பது நாட்கள் சீனாவுக்குப் போவதற்காக ஒன்றரை வருடமாக ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். சுற்றுலாக் குழு இல்லை. முகவர் இல்லை. ஒரு நாற்பது தாள் கொப்பியும் ஒரு கைத்தொலைபேசியும்தான் என்னுடைய துணை. இன்னும் போகவில்லை. ஆனாலும் இந்த ஆயத்தமே எனக்குப் பல விடயங்களைக் கற்றுத் தந்திருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிரயாணம் செய்யாதவள் அல்ல. 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து 2009 வைகாசி வரை எங்கள் குடும்பம் பதினொரு தடவை இடம் மாறியது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று அந்த ஊர்களின் பெயர்களை இதை வாசிக்கும் உங்களில் பலரும் வரிசையாகச் சொல்வீர்கள். எப்போது புறப்படுவது என்பதை ஷெல் தீர்மானித்தது. எதைக் கொண்டு போவது என்பதை எங்கள் தோள்களின் பலம் தீர்மானித்தது. அதன் பின் செட்டிகுளத்தில் முட்கம்பி வேலி. வெளியே போவதற்கு அனுமதி வேண்டும். அப்போது எனக்குப் பதினேழு வயது. அதுவரை நான் போன தூரப் பயணங்களில் ஒன்றைக்கூட நானோ என் தாயோ விரும்பித் தீர்மானித்ததில்லை.

பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, விருப்பத்தின் பேரிலான இடப்பெயர்வு, நிர்ப்பந்தத்தினாலான இடப்பெயர்வு என்று இரண்டு வகைகளைப் பாடமாக எழுதினேன். இரண்டாவதற்கு உதாரணம் எழுதப் புத்தகம் தேவைப்படவில்லை. முதலாவதற்குத்தான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தேன்.

சரி, உலகத்தில் எத்தனையோ நாடுகள் இருக்க ஏன் சீனா? அதற்கு ஒரு கல் காரணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறைக்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். மாலையில் நேரம் கிடைத்ததால் தேசிய நூதனசாலைக்குள் நுழைந்தேன். அங்கே ஓர் உயரமான கல். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்லைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனப் பகுதி புத்தருக்குச் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளித்தவற்றைச் சொல்கின்றன. 1911இல் காலி நகரில் இந்தக் கல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். அறுநூறு வருடங்களுக்கு முன் ஒரு சீனர், இந்தத் தீவுக்குப் போவதானால் தமிழிலும் எழுத வேண்டும் என்று அறிந்திருக்கிறார். அந்தக் கல்லின் முன்னால் வெகு நேரம் நின்றேன்.

அதன் பிறகு தேடித் தேடி வாசித்தேன். சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாகாணத்தில் சுவான்சோ என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1281ஆம் ஆண்டு சித்திரை மாதத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது குப்ளாய் கானின் காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் அரசனின் அனுமதியோடு, அரசனின் உடல் நலத்துக்காக அங்கே ஒரு சிவன் கோயிலை எழுப்பியதை அது கூறுகிறது. அந்தக் கோயில் இன்று இல்லை. அங்கு கிடைத்த இந்துச் சிற்பங்கள் பல அந்நகரின் கடல்சார் நூதனசாலையில் இருக்கின்றன. கையுவான் என்ற பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில் கண்ணனும் நரசிங்கமும் செதுக்கிய தூண்கள் இரண்டு நிற்கின்றன. கோயில் இடிந்த பிறகு அதன் கற்களை வேறொரு வழிபாட்டிடம் தாங்கிக்கொண்டிருக்கிறது. 2021இல் சுவான்சோவை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு செய்திதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து பிக்குணிகள் சிலர் கப்பலேறி, அன்று தலைநகராயிருந்த இன்றைய நாஞ்சிங் நகருக்குப் போயிருக்கிறார்கள். முதற் குழு போனது 429ஆம் ஆண்டில். சீனப் பெண்களை முறைப்படி பிக்குணிகளாக்குவதற்குப் பத்துப் பேர் வேண்டும். வந்தவர்களோ போதாது. பாஷையும் தெரியாது. ஆகவே அடுத்த குழு வரும் வரை அவர்கள் அங்கேயே தங்கிச் சீன மொழி படித்தார்களாம். 433இல் இரண்டாவது குழு போய்ச் சேர்ந்தது. அதன் பின் 300க்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் அவர்களிடம் துறவு பூண்டனர்.

ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன், பாய்க் கப்பலில், மாதக் கணக்கில்! அவர்களையும் யாரோ ஒருவர் "யாரோடு போகிறாய்?" என்று கேட்டிருப்பார்தானே.

இப்படித்தான் என் பாதை அமைந்தது. கொழும்பிலிருந்து விமானத்தில் குவாங்சோ. அங்கிருந்து ரயிலில் சுவான்சோ. பின்னர் ரயிலில் நாஞ்சிங். கடைசியில் ஷங்காய் வழியாக வீடு.

முதல் வேலை கடவுச்சீட்டு. அதற்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். எங்கள் வீட்டுப் பத்திரங்கள் யாவும் ஒரு பச்சை நிறத் தகரப் பெட்டியோடு மாத்தளனில் போய்விட்டன. பிரதேச செயலகத்துக்கு மூன்று தடவை போய்ப் பிரதி எடுத்தேன். பிறகு வவுனியாவிலுள்ள கடவுச்சீட்டுக் காரியாலயத்தில் விண்ணப்பித்தேன். வெளிநாடு போகும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, விவாகப் பதிவு, மரண அத்தாட்சி இவற்றில் எது உங்களிடம் இல்லையோ அதை இன்றே எடுத்து வையுங்கள். பத்திரம் இல்லாமல் ஒரு பெண் எந்த வாசலிலும் நிற்க முடியாது என்பதை என் வேலையில் தினமும் காண்கிறேன்.

இரண்டாவது காசு. மாதம் பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தேன். முப்பது பேர், முப்பது மாதம். கழிவு கொடுத்து முன்னுக்கு எடுக்கவில்லை, கடைசி ஆட்களில் ஒருத்தியாக எடுத்தேன். கடன் வாங்கிப் போவதில்லை என்று முதல் நாளே கொப்பியில் எழுதிவிட்டேன். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்று தெரிந்தவளுக்கு இது பெரிய விரதம் ஒன்றுமல்ல.

மூன்றாவது விசா. ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, புகைப்படம், போய் வரும் விமானச் சீட்டு, ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பதிவு என்று கேட்பார்கள். அதனால் இரவுகளை எண்ணி, இடங்களை எழுதி, காசு திருப்பித் தரக்கூடிய விடுதிகளாகப் பார்த்துப் பதிவு செய்கிறேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்ய முடியாது. "முதலில் விசிட்டில போங்கோ, பிறகு வேலை எடுத்துத் தாறம்" என்று யாராவது சொன்னால், அது சீனாவானாலும் வேறு நாடானாலும், அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

நாட்களைத் தெரிவு செய்ததும் ஒரு பாடம்தான். சீனப் புத்தாண்டுக் காலத்திலும், ஒக்டோபர் முதல் வாரத்திலும், மே முதலாம் திகதியை ஒட்டியும் அந்த நாடே வீதியில் நிற்கும். ரயிலில் இடம் கிடைக்காது. ஏப்ரல் தொடக்கத்தில் ச்சிங்மிங் என்ற நாள் வருகிறது. அன்று குடும்பமாகப் போய் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையல் வைப்பார்கள். அந்தக் கூட்டமும் குறைந்த பிறகு போகத் தீர்மானித்தேன். இதை அம்மாவிடம் சொன்னபோது, "கல்லறை இருக்கிற சனங்கள்" என்று மட்டும் சொன்னார். அப்பாவைத் தாட்ட இடத்துக்கு எங்களால் இன்றைக்கும் வழி சொல்ல முடியாது.

ரயிற் சீட்டுகள் பயண நாளுக்கு 15 நாட்கள் முன்பாகத்தான் விற்பனைக்கு வரும். கடவுச்சீட்டின் பெயரிலேயே பதிவு. நிலையத்தில் அதைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். கடைகளில் பெரும்பாலும் தொலைபேசியாலேயே காசு கட்டுகிறார்கள். வெளிநாட்டவரும் தங்கள் வங்கி அட்டையை அலிபே, வீசாட் செயலிகளில் இணைக்கலாம். அதற்கு முன் இங்குள்ள வங்கியில் சொல்லி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறக்க வேண்டும். கையில் கொஞ்சம் யுவான் நோட்டுகளும் வைத்திருப்பேன். கூகுளும் வட்ஸ்அப்பும் அங்குள்ள இணையத்தில் வேலை செய்யாது. ஆகவே தங்கச்சியின் தொலைபேசியில் வீசாட் ஏற்றி, அம்மாவோடு அதில் கதைத்துப் பழகியாயிற்று. சீன நேரம் எங்களுடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே ஏழு மணி. அம்மா விளக்கு வைத்துத் தேவாரம் பாடி முடிக்கும் நேரம். தினமும் அந்த நேரத்துக்கு அழைப்பேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஓர் இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் பொலிசில் பதிய வேண்டும், விடுதியில் தங்கினால் அவர்களே அதைச் செய்வார்கள் என்று வாசித்தேன். பதிவு, பொலிஸ், லொட்ஜ். இந்த மூன்று சொற்களும் ஒன்றாக வந்தால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்றிரவு கொப்பியை மூடிவிட்டேன். இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் மறுபடி திறந்தேன். அங்கே இந்தப் பதிவு ஜேர்மன்காரருக்கும் உண்டு, ஜப்பானியருக்கும் உண்டு. என்னைப் பிரித்து எடுத்துப் பதிவதல்ல. அதைப் புத்தி விளங்கிக்கொண்டது. வயிறு விளங்கிக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.

பாஷை விடயத்தில் அந்தப் பிக்குணிகளை நினைத்துக்கொள்கிறேன். தினமும் இரவு இருபது நிமிடம் மண்டரின் படிக்கிறேன். அதில் ஒரே ஒலியை நான்கு விதமாக ஏற்றியும் இறக்கியும் சொல்ல, நான்கு பொருள் வரும். "மா" என்பதை உயர்ந்த குரலில் நீட்டினால் அம்மா. கீழே இறக்கி மேலே ஏற்றினால் குதிரை. வெட்டி இறக்கினால் ஏச்சு. மேலே ஏற்றினால் சணல். என் அம்மாவைப் பல நாள் குதிரை என்று கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் எங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. சீன மொழியில் ஓர் எழுத்தொலி எங்கள் ழகரத்துக்குக் கிட்ட வருகிறது. வெள்ளைக்காரர் திணறும் அந்த இடத்தில் நாங்கள் தப்பிவிடலாம்.

"நி ஹாவ்" என்றால் வணக்கம். "சியே சியே" என்றால் நன்றி. "து ஷாவ் ச்சியென்" என்றால் எவ்வளவு காசு. "வோ ச்சீ சூ" என்றால் நான் மரக்கறிதான் சாப்பிடுவேன். வாய் தவறினாலும் கை தவறாதபடி, விடுதியின் பெயரையும் முக்கியமான சில வசனங்களையும் சீன எழுத்தில் சிறிய மட்டைகளில் எழுதி வைத்திருக்கிறேன். பெண் என்பதற்கான எழுத்தை மட்டும் பார்த்தவுடன் அறியப் பழகிவிட்டேன். கால்களைக் குறுக்கே வைத்து நிற்கும் ஆள் போல இருக்கும். கழிப்பறை வாசலில் அது போதும். அவசரத்துக்குப் பொலிஸ் 110, அம்புலன்ஸ் 120. இந்த இலக்கங்களும் இலங்கைத் தூதரகத்தின் இலக்கமும் மட்டையின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

நாஞ்சிங்கில் பிக்குணிகளின் நினைவு மட்டுமல்ல, இன்னொன்றும் எனக்காகக் காத்திருக்கிறது. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை அந்த நகரைப் பிடித்தபோது நடந்த படுகொலைகளுக்கும் பெண்கள் மீதான கொடுமைகளுக்குமான நினைவு மண்டபம் அது. 1985இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு சுவரில் இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். என் அப்பாவின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. பெயர்கள் எழுதிய ஒரு சுவரின் முன் நின்றால் மனதுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் போய் நிற்கத் தீர்மானித்திருக்கிறேன்.

அதே நகரில் ஜின்லிங் மகளிர் கல்லூரி இருந்தது. அங்கு கற்பித்த மின்னி வோட்ரின் என்ற அமெரிக்கப் பெண் கல்லூரிக் கதவுகளைத் திறந்து பத்தாயிரம் வரையான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் கொடுத்தார். வாசலில் நின்று சிப்பாய்களை மறித்தார். ஆனால் அவர் கண்டவை அவரை விடவில்லை. 1940இல் மனமுடைந்த நிலையில் நாடு திரும்பி, மறு வருடம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இதை வாசித்தபோது என்னுடன் வேலை செய்யும் ஒவ்வொருவரின் முகமும் எனக்கு முன்னால் வந்தது. மற்றவர்களின் துயரத்தைக் கேட்பதே தொழிலாகக் கொண்ட எங்களில் எத்தனை பேர், எங்களுக்கு நித்திரை வருவதில்லை என்று வாய் திறந்து சொல்கிறோம்? ஓய்வு கேட்பது குற்றமல்ல. கேட்பதற்கு ஆள் தேடிப் போவதும் குற்றமல்ல. இதை வாசிப்பவர்களில் யாராவது அப்படிச் சுமந்துகொண்டிருந்தால், இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

"அந்தக் காசுக்கு ஒரு கிணறு கட்டலாம்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். உண்மை. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. வீட்டுக் கூரையைத் திருத்திய பிறகுதான் இந்தச் சீட்டைத் தொடங்கினேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஒரு தம்பி அதே காசுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தபோது ஒருவரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

எல்லோரும் சீனாவுக்குப் போங்கள் என்று நான் எழுத வரவில்லை. ஒரு நாள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு பெண்கள் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார்கள். நாள், இடம், எப்படிப் போவது, பிழைத்தால் என்ன செய்வது என்று கோடு போட்டு எழுதியிருப்பதை ஒருத்தி வாசித்துக் காட்டினாள். பின்னால் இருந்த அம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார். "மட்டக்களப்பில எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள். பதினாறு வருசமா நான் போகேல்ல." ஏன் என்று கேட்டோம். "ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு போறது?"

பஸ் காசு அவரிடம் இருந்தது. உடம்பிலும் சுகம் இருந்தது. போரில் கணவனை இழந்து, ஒற்றை ஆளாக மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண் அவர். அவரும் கூட்டிப் போக ஆள் வருமென்று இருந்திருக்கிறார். அன்றைக்கே ஒரு தாளில் எழுதினோம். எந்த பஸ், வவுனியாவில் எங்கே மாறுவது, தவறவிட்டால் யார் வீட்டில் நிற்பது, எங்கே இறங்கி யாருக்கு அழைப்பது என்று. மூன்றாம் கிழமை அவர் போனார். ஐந்து நாள் நின்று, ஒரு சட்டி எருமைத் தயிரோடு திரும்பி வந்தார். அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் பங்கிட்டோம். இப்போது அவரிடம் புதிதாக ஒரு தாள் இருக்கிறது. கதிர்காமம் என்று தலைப்பிட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில், கலண்டரின் கீழே. என்ன திகதியில் எந்த நகரம், எந்த விடுதி என்று அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதியது. "யாரோட போறாய்" என்று அம்மா இப்போது கேட்பதில்லை. "சுவான்சோவில மூண்டு இராவோ?" என்று கேட்கிறார். ஊரின் பெயர் அவர் வாயில் வேறு விதமாகத்தான் வருகிறது.

போன கிழமை, விளக்கு வைத்து முடித்தபின் அம்மா கேட்டார். "பிள்ளை, அந்தச் சிவன் கோயில் கல்லில ஒரு பூ வைக்க விடுவினமோ?"

நூதனசாலையில் விடுவார்களோ தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அந்த வசனத்தைத்தான் இப்போது இரவுகளில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏற்ற இறக்கம் இன்னும் சரியாக வரவில்லை. சித்திரைக்கு நாள் இருக்கிறது.